புதுமை தேடி வருவோருக்கும் வழி செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், மறுநாள் கொடைக்கானல். மதுரைக்கு வருவோரின் பயணம் நெடுங்காலமாக இப்படித்தான். இப்போது மதுரையை அடுத்த அரிட்டாபட்டிக்கும் கீழக்குயில்குடி சமணர் மலைக்கும் வழி கேட்டு வருகிறார்கள். மகிழ்ச்சியாக இருக்கிறது.

சமூகவியலாளர் எரிக் கோஹென் 1972-லேயே சுற்றுலாப் பயணிகளை நான்கு வகையாகப் பிரித்தார். குழுவாக வந்து, பழகிய வசதிகளை விட்டு அகலாதவர்கள் ஒரு முனை. உள்ளூர்க்காரர்களோடு தங்கி, கிடைத்ததைச் சாப்பிட்டுத் திரிபவர்கள் மறுமுனை. நான் பார்த்தவரை பலரும் இடைப்பட்டவர்களே. புது இடம் வேண்டும். கழிப்பறையும் ஊர் திரும்ப பஸ்சும் வேண்டும். இவர்களை நாம் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை.

புதுமை மோகத்தால் கேடும் உண்டு. ‘யாரும் பார்க்காத இடம்’ என்று ஒரு வீடியோ பரவினால் போதும், அடுத்த ஞாயிறே கூட்டம் அள்ளும். சமணர் மலையின் பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் தீர்த்தங்கரர் சிற்பங்களின் கீழே வட்டெழுத்துகள், ஆயிரம் ஆண்டுகளைக் கடந்தவை. அந்த மலையின் பாறைகளில் யாரோ தங்கள் பெயரைக் கீறி வைத்திருப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அரிட்டாபட்டி, 2022-ல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். வல்லூறுகள் வாழும் பாறைகள் அவை. அங்கே ட்ரோன் பறக்கவிட வேண்டுமா?

சுற்றுலாத் துறை அந்தந்த ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக அமர்த்தட்டும். அவர்கள் துணையின்றி மலையேற அனுமதிக்க வேண்டாம். வார இறுதிகளில் பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து சமணர் மலைக்கும், மாட்டுத்தாவணியிலிருந்து அரிட்டாபட்டிக்கும் கூடுதல் பஸ் விடட்டும்.

– ஒரு வாசகர், திருநகர், மதுரை