வேகம் குறைத்த பிறகு வரும் நிமிடம்

அன்புள்ள ராசாவுக்கு,

அப்பா நன்றாக இருக்கிறார். பைபாஸுக்காகப் பிளந்த நெஞ்செலும்பு கூடிவிட்டது. நீ அனுப்பிய வாட்ச்சைக் கட்டிக்கொண்டு பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் காலையில் நடக்கிறார், நானும் கூடப் போகிறேன். போனில் நீ "எத்தனை ஸ்டெப்பு?" என்று கேட்டால் மறுநாள் அவர் நடை வேகமாகிவிடுகிறது. இனிமேல் அதைக் கேட்காதே ராசா. வேகத்தைக் குறைத்த முதல் நிமிடத்தில் துடிப்பு எவ்வளவு இறங்கியது என்று கேள்.

நடக்கும்போது துடிப்பு ஏறத்தான் செய்யும். ஓய்ந்ததும் அதை இறக்கிவிடுவது வேகஸ் நரம்பு. அதன் பிடி தளர்ந்திருந்தால் துடிப்பு சட்டென்று இறங்காது. டிரெட்மில் சோதனை செய்துகொண்ட 2,428 பேரை ஆறு ஆண்டுகள் கவனித்துவிட்டு, 1999இல் கிளீவ்லேண்ட் மருத்துவர்கள் இதை எழுதினார்கள். முதல் நிமிடத்தில் 12 துடிப்போ அதற்கும் குறைவாகவோ இறங்கியவர்களிடம் இறப்பு அதிகம். அவர்கள் அப்பாவைப் போல பைபாஸ் ஆனவர்கள் இல்லை. ஆனாலும் இதய நோயாளிகளிடமும் பின்னால் இதே போக்குதான் தெரிந்தது. ஒழுங்காகப் பயிற்சி செய்தால் இந்த இறக்கம் சீராகும் என்பதுதான் எனக்குத் தெம்பு. நேற்று அப்பாவுக்கு 104இலிருந்து 88க்கு வந்தது.

துடிப்பை மட்டுப்படுத்தும் மெட்டோப்ரோலால் மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் துடிப்பு ஏறுவதே குறைவு. துடிப்பு அதிகபட்சம் எவ்வளவு ஏறலாம் என்று 220இல் வயதைக் கழித்துப் பார்க்கும் கணக்கெல்லாம் அவருக்குச் சரிப்படாது. மூச்சு வாங்காமல் என்னோடு பேசிக்கொண்டு நடக்க முடிகிறதா, அதைத்தான் பார்க்கிறேன்.

நடையைச் சட்டென்று நிறுத்தவும் விடுவதில்லை. ஒவ்வொரு அடிக்கும் கெண்டைக்கால் சதை ரத்தத்தை மேலே தள்ளுகிறது. திடீரென்று நின்றால், விரிந்திருக்கும் குழாய்களில் ரத்தம் காலிலேயே தங்கி, பிரஷர் இறங்கி, கண் இருட்டும். வார்டில் வேலை பார்த்த காலத்தில் அப்படிச் சரிந்தவர்களை நானே தாங்கிப் பிடித்திருக்கிறேன். அதனால் கடைசிப் பத்து நிமிடம் மெதுநடை. அப்புறம் பெஞ்சில் உட்கார வைத்து, கட்டைவிரலுக்குக் கீழே மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பேன். வீட்டுக்கு வந்ததும் வெந்நீர்க் குளியல் கிடையாது, கொஞ்சம் ஆறிய பிறகுதான்.

மறுநாள்வரை அசதி நீடித்தால் நடையைக் குறைக்கிறோம். நெஞ்சு இறுக்கம் வந்து ஓய்வெடுத்தும் விடாவிட்டால் 108தான், உனக்குப் போன் அதற்குப் பிறகு.

இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அவரிடம் நீயே ஒருதரம் சொல். நான் சொன்னால் நர்ஸம்மா பேச்சு என்று தள்ளிவிடுகிறார். நீ சொன்னால் கேட்பார்.

அன்புடன்,
அம்மா