அரக்குப் பனை

அன்புள்ள செந்திலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது.

சுதந்திர தினத்துக்கு இந்த வருடமும் வாசலை நிறம் பார்த்து வைத்தேன். ஒரு பக்கம் அரேகா பனைத் தொட்டி. வெயில் பட்டு அதன் தண்டெல்லாம் காவிக்குப் பக்கமான மஞ்சள். நடுவில், 2016 வர்தா புயலில் வேப்பமரம் சாய்ந்த இடத்தில் நாம் நட்ட பிஸ்மார்க் பனை. வெயிலில் அந்த ஓலை வெள்ளி மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் தென்னங்கன்று. கேட்டவர்களிடம் எல்லாம் என் பையன் வாங்கிக் கொடுத்த செடிகள் என்று சொன்னேன். கோட்டையில் முதலமைச்சர் கொடியேற்றியதை டிவியில் பார்த்துவிட்டுத்தான் அம்மா காபி போட்டாள். இப்போது கொடியை இரவிலும் பறக்கவிடலாம் என்று 2022-ல் விதியை மாற்றிவிட்டார்கள். ஆனாலும் ஆறு மணிக்கு இறக்கி மடித்து வைத்தேன். அன்று முழுக்க நீ போன் செய்யவில்லை. வேலை இருந்திருக்கும்.

9-ஆம் தேதி சிங்கப்பூரிலிருந்து நீ அனுப்பிய படம் வந்தது. பாப்பா சிவப்புச் சட்டையில் அழகாக இருந்தாள். அம்மா தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவள் கையில் இருந்த கொடியைப் பார்த்தேன். பிறையும் ஐந்து நட்சத்திரமும்.

உன் பாஸ்போர்ட் அடுத்த வருடம் முடிகிறது, ஞாபகம் இருக்கிறதா? இங்கே வந்து புதுப்பித்துக்கொள்ளலாம். எதில் கையெழுத்துப் போட்டாலும் இரண்டு தடவை படித்துப் போடு. நேரத்துக்குச் சாப்பிடு. மே மாதம் பிறப்புச் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாய், அனுப்பினேன். எதற்கென்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. படித்தவன், உனக்குத் தெரியாதது இல்லை. இருந்தாலும் கையெழுத்துக்கு முன்னால் இரண்டு தடவை படி.

அப்புறம், அந்தச் சிவப்புப் பனை. நீ பணம் அனுப்பி, உன் ஊரில் தெருவோரமெல்லாம் நிற்கிறது, நம் வீட்டிலும் ஒன்று இருக்கட்டும் என்று வாங்கச் சொன்னது. தபால் ஆபீசில் இன்ஷ்யூர்டு பார்சலுக்கு அரக்கை உருக்கி முத்திரை வைப்போமே, தண்டு அச்சாக அதே சிவப்பு. அம்மா உன்னிடம் அது கத்திரி வெயிலில் பட்டுப்போனது என்றாள். வெயில் இல்லை செந்தில். மலேயா, சுமத்ரா பக்கம் சதுப்பில் வளர்கிற மரம், தொட்டிக்கு அடியில் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும் என்று நர்சரிக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நீ சான்றிதழ் கேட்ட மறுநாளிலிருந்து நான் அதற்குத் தண்ணீர் விடவில்லை. மற்ற எல்லாத் தொட்டிக்கும் விட்டேன். பத்து நாள். அம்மா கேட்டபோது விட்டேன் என்று பொய் சொன்னேன். ஓலை நுனி கருகி, சிவப்பு மங்கி மண் நிறமாவதைத் தினமும் நின்று பார்த்தேன். எழுபது வயதில் செடியிடம் போய்க் கோபத்தைக் காட்டியிருக்கிறேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நான்கு தண்டில் மூன்று போய்விட்டது. ஒன்றில் கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருக்கிறது. பாப்பாவைக் குளிப்பாட்டிய பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் நிரப்பித் தொட்டியை அதற்குள் வைத்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் முதலில் போய்ப் பார்ப்பது அதைத்தான்.

சான்றிதழின் அசல் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அசல் வேண்டுமென்றால் சொல், நானே போய் ஸ்பீட் போஸ்டில் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா