காலைத் தொங்கவிட அவசரம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தொடையிலோ கெண்டைக்காலிலோ சார்கோமா (தசை, கொழுப்பு போன்றவற்றில் வரும் புற்றுநோய்) கட்டி என்றாலே காலை எடுத்துவிடுவார்கள் என்ற பயம் இன்னும் போகவில்லை. இன்று பெரும்பாலானோருக்குக் கட்டியைச் சுற்றியுள்ள நல்ல சதையோடு சேர்த்து எடுத்துவிட்டுக் காலைக் காப்பாற்றுகிறார்கள். பள்ளம் பெரிதாக இருந்தால் முதுகிலிருந்தோ மறு தொடையிலிருந்தோ சதையை அதன் ரத்தக்குழாயோடு எடுத்து, காலின் ரத்தக்குழாயோடு சேர்த்துத் தைத்து மூடுகிறார்கள். இதைத்தான் 'ஒட்டு' என்கிறோம். இதற்கு முன்னும் பின்னும் வீட்டார் செய்ய வேண்டியதைத்தான் யாரும் விவரமாகச் சொல்வதில்லை.

5 செ.மீ.க்கு மேற்பட்ட, வளர்ந்துகொண்டே வரும், அல்லது ஆழத்தில் இருக்கும் கட்டியைக் 'கொழுப்புக் கட்டிதான்' என்று உடனே வெட்டி எடுக்கச் சம்மதிக்காதீர்கள். முதலில் எம்.ஆர்.ஐ., பிறகு ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி, அதன்பிறகே கத்தி. அவசரப்பட்டு வெட்டினால் புற்றணுக்கள் சுற்றிலும் சிதறும். மறுபடி அறுக்கும்போது பள்ளம் இன்னும் பெரிதாகும். கட்டியை உருவிவிடுவதும் பத்துப் போடுவதும் வேண்டவே வேண்டாம்.

ஆபரேஷனுக்கு முன் ரேடியேஷன் என்றால் வழக்கமாக 5 வாரத்தில் 25 தடவை. அது முடிந்து 4 முதல் 6 வாரம் கழித்துத்தான் அறுவை. கதிர் பட்ட தோலில் புண் ஆற நாளாகும் என்பதால் இந்த இடைவெளியை வீணாக்கக் கூடாது. பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை எல்லாவற்றையும் குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். மைக்ராஸ்கோப் வைத்துத் தைக்கும் ரத்தக்குழாய் 2, 3 மி.மீ. தடிமன்தான், நிக்கோட்டின் அதைச் சுருக்கிவிடும். சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 70 முதல் 90 கிராம் புரதம் தேவை (சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டர் சொல்லும் அளவு). முட்டையும் மீனும் சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்று பத்தியம் போடும் வீடுகள் இன்னும் உண்டு. புண் ஆறுவதே அந்தப் புரதத்தால்தான்.

ஒட்டு வைத்த முதல் 48 மணி நேரம் முக்கியம். நர்ஸ் மணிக்கொரு முறை வந்து விரலால் அழுத்திப் பார்ப்பார். வெளுத்த இடம் 2, 3 விநாடியில் பழைய நிறத்துக்கு வர வேண்டும். ஒட்டு வெளிறிச் சில்லிட்டிருந்தால் ரத்தம் உள்ளே வரவில்லை. ஊதா நிறமாகி, உப்பி, அழுத்தியதும் சட்டென்று நிறம் திரும்பினால் ரத்தம் வெளியேறவில்லை. இரண்டுக்குமே சில மணி நேரத்துக்குள் மறுபடி தியேட்டருக்குப் போனால்தான் ஒட்டைக் காப்பாற்ற முடியும். துணைக்கு இருப்பவர், காலை ரவுண்ட்ஸில் சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருக்காமல் நள்ளிரவானாலும் கூப்பிட வேண்டும். அறை கதகதப்பாக இருக்கட்டும். குளிர்ந்தாலும் குழாய் சுருங்கும்.

அடுத்த கண்டம் காலைத் தொங்கவிடுவது. புதிதாகத் தைத்த சிரையில் (ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய்) ரத்தம் தேங்கி, ஒட்டு கறுத்துவிடும். பல இடங்களில் ஒரு வாரம் ஆனதும் கிரேப் பேண்டேஜ் சுற்றி, 5 நிமிடம் வீதம் நாளுக்கு மூன்று முறை தொங்கவிடத் தொடங்கி, நாளாக நாளாக நேரத்தைக் கூட்டுகிறார்கள். ஊதாவானால் உடனே காலைத் தூக்கி வைத்து டாக்டரிடம் காட்ட வேண்டும். நன்றாகப் பிடித்த ஒட்டோடு டிஸ்சார்ஜ் ஆகி, ஐந்தாறு மணி நேரம் பஸ் சீட்டில் காலைத் தொங்கப்போட்டு ஊர் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? காரின் பின் சீட்டில் காலை நீட்டியோ, ரயிலில் கீழ் பெர்த்தில் படுத்தோ போகலாம். வீட்டில் குத்தவைக்கும் கழிப்பறைதான் என்றால் கமோடு நாற்காலி ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள்.

ஒட்டிய சதைக்கு உணர்ச்சி இருக்காது. வீக்கம் வடியட்டும் என்று வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் வெந்துபோவதுகூட நோயாளிக்குத் தெரியாது. ஒட்டுக்காகத் தோலும் எடுத்திருந்தால், அந்த இடத்தின் உள்கட்டு 10 முதல் 14 நாளில் தானே கழன்று வரும். அதுவரை அரித்தாலும் பிய்க்கக் கூடாது. ஆறியதும் தேங்காய் எண்ணெய் தடவி, வெயில் படாமல் மூடி வைத்தால் போதும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நடக்க ஆரம்பித்ததும் பலர் செக்கப்புக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். சார்கோமா திரும்பினால் பெரும்பாலும் நுரையீரலில்தான் தெரியும். முதல் 2, 3 வருடம் 3 அல்லது 4 மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சுக்கு ஸ்கேனோ எக்ஸ்ரேயோ எடுத்தே ஆக வேண்டும். மருத்துவமனைகள் இவற்றையெல்லாம் டிஸ்சார்ஜ் சீட்டிலேயே தமிழில் அச்சிட்டு, இரவிலும் எடுக்கப்படும் வார்டு தொலைபேசி எண்ணையும் அதில் சேர்க்க வேண்டும். உங்கள் நாளிதழும் இதை வலியுறுத்த வேண்டுகிறோம்.

பிளாஸ்டிக் சர்ஜரி வார்டு செவிலியர்கள்,
மதுரை