அந்தத் திருகாணியை எடுத்துவிடு

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய ஆக்சிலரேட்டர் பெடல் வரைபடத்தை நேற்று இரவு இரண்டு முறை பார்த்தேன். பெடலோடு உரசி அதன் ஆட்டத்தைக் குறைக்கும் உராய்வுக் கட்டையை அழுத்தத் தனியாக ஒரு திருகாணி வைத்திருக்கிறாயே, அங்கேயே என் கண் நின்றுவிட்டது.

உராய்வே வேண்டாம் என்று சொல்லவில்லை. கேபிள் இருந்த காலத்தில் அது கேட்காமலே கிடைத்தது. உறைக்குள் கம்பி உரசியதால் பாதம் ஓரிடத்தில் நிலைத்தது. கேபிள் போய், என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் எலக்ட்ரானிக்காக மாறியபின் வெறும் ஸ்பிரிங்கை மட்டும் மிதித்தால், சாலை குலுங்கும்போதெல்லாம் பாதம் ஆடும், கூடவே வண்டியின் வேகமும் ஆடும். மிதிக்க 40 நியூட்டன், அதே இடத்திலிருந்து பெடல் திரும்பத் தொடங்க 25 நியூட்டன் என்று வைத்துக்கொள். இடையிலுள்ள 15 நியூட்டனில்தான் ஓட்டுநரின் கால் இளைப்பாறுகிறது.

உன் திருகாணி தரும் உராய்வோ பெடல் எங்கிருந்தாலும் ஒரே அளவு. ஸ்பிரிங் அப்படியா? முழுதாக மிதித்தால் முறுக்கேறி நிற்கும், காலை எடுத்த நிலையான ஐட்லை நெருங்க நெருங்க மெலியும். அங்கே உராய்வின் கை ஓங்கினால் பெடல் பாதியில் நின்றுவிடும். கட்டையை ஸ்பிரிங்கே அழுத்தட்டும். ஸ்பிரிங் ஏறினால் உராய்வும் ஏறும், இறங்கினால் கூடவே இறங்கும். (வேண்டிய அளவுக்கு முறுக்கிக்கொள்ளலாம் என்ற ஆசையில் வைத்திருப்பாய். நானும் ஒரு காலத்தில் வைத்தேன். மேலதிகாரி சிவப்புப் பென்சிலால் குறுக்கே கோடு போட்டார்.)

ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் கணக்குப் போட்டாயா? அமெரிக்காவின் 124ஆம் எண் பாதுகாப்பு விதி, திராட்டிலைத் திருப்ப ஸ்பிரிங் போன்ற இரண்டு விசை மூலங்களாவது வேண்டும் என்கிறது. எடை குறைந்த வண்டியில் 1 நொடிக்குள் ஐட்லுக்கு வந்துவிட வேண்டும். இரண்டில் ஒன்று ஒடிந்த நாளிலும் உன் திருகாணி விட்டுக்கொடுக்காமல் முழு எதிர்ப்பையும் காட்டும்.

ஸ்பிரிங்கே அழுத்தினாலும் கவலை முழுதாகத் தீராது. உராய்வுக் கெழு தாளில் எழுதிய எண்ணாகவே நிற்பதில்லை. 2010 ஜனவரியில் டொயோட்டா அமெரிக்காவில் சுமார் 23 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது நினைவிருக்கும். தேய்ந்த உராய்வுப் பரப்பில் ஈரம் படிந்ததும் பெடல் திரும்பத் தயங்கியது. உள்ளே ஒரு சிறு எஃகுத் தகட்டைச் செருகித்தான் சரிசெய்தார்கள்.

திருத்திய வரைபடத்தை அனுப்பு. தேய்ந்த கட்டையை ஈரத்தில் வைத்துச் சோதித்த அளவுகளையும் சேர்த்து அனுப்பு. புதுக் கட்டையின் அளவுகள் எனக்கு வேண்டாம்.

அன்புடன்,
அம்மா