கிளை நூலக வாசகர் வட்டம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நூலகர் அவர்களுக்கும், புரவலர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் வாசகர் வட்டம் செய்தவற்றை அவையின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். பணக் கணக்குக்குள் நான் போகவில்லை.

விழாக்களை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். ஏப்ரல் 23 உலகப் புத்தக தினம். ஆகஸ்ட் 12 நூலகர் தினத்தில் எஸ்.ஆர். ரங்கநாதன் படத்துக்கு மாலை. நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழா, பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டி, பரிசளிப்பு. எல்லாம் குறைவின்றி நடந்தன. பேச வந்தவர்கள் கொடுத்த நேரத்துக்குள் முடித்தார்கள் என்றும் எழுத ஆசைதான்.

இந்த ஆண்டு செயற்குழுவின் நேரத்தை அதிகம் தின்றது நம் கூடம். இருப்பது ஒரே கூடம், அதற்கு உரிமை கேட்டு வந்தவர்கள் நான்கு தரப்பு. நாளிதழ் படிக்கும் பெரியவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள், செஸ் ஆடும் பிள்ளைகள், சனிக்கிழமை மாலை ஒருவர் வாசிக்கக் கேட்க வரும் பெண்கள்.

தேர்வர்கள் பக்கத்து நியாயம் எளிது. 2024 ஜூன் 9 குரூப் 4, செப்டம்பர் 14 குரூப் 2 முதல்நிலை என்று தேர்வுகள் அடுத்தடுத்து வந்தன. நம் சேலம் அம்மாபேட்டைப் பக்கம் பாதி வீடுகளில் தறி ஓடுகிறது. விசைத்தறி ஓடும் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து யாரால் படிக்க முடியும்? அமைதிக்கென்றே நூலகம் வருகிறவர்கள் அவர்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பாடநூல்களைத் தேடித் தேடிச் சேர்த்து ஒரு தனி அலமாரியில் வைத்தோம். நூலகத்திலேயே அதிகம் கைபட்ட அலமாரி இன்று அதுதான்.

செஸ் பிள்ளைகளின் கதை வேறு. டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நம்மிடம் பலகை போதவில்லை. ஒரு செட்டில் கறுப்பு யானையைக் காணோம். ஒரு பையன் வீட்டிலிருந்து தார்க்குச்சியின் (தறிக்கான நூல் சுற்றும் குச்சி) துண்டு ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினான். இன்றுவரை அதுதான் யானை. ஆட்டம் அமைதியாகத்தான் தொடங்குகிறது. கடைசி ஐந்து நிமிடத்தில் கடிகாரத்தைத் தட்டும் தட்டில் கூடமே அதிர்கிறது. தேர்வர்கள் எழுத்து மூலம் மனு கொடுத்தார்கள். “நூலகம் விளையாடுவதற்கான இடமா?” என்பது மனுவின் முதல் வரி.

செயற்குழுவில் இது சூடாகவே பேசப்பட்டது. தறிக்கார உறுப்பினர் ஒருவர் சொன்னது எல்லோரையும் யோசிக்க வைத்தது. “வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்க. நூலக வரின்னு அதுல தனியா இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத எங்கம்மாவும் அதைக் கட்டிக்கிட்டுத்தான் இருக்கு” என்றார். உண்மைதான். 1948 பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு இது. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலகத்துக்குப் போகிறது. தேர்வு எழுதாதவர், செஸ் ஆடாதவர், எழுத்தறியாதவர் எல்லோருடைய பைசாவும் அதில் உண்டு. நம் ஊரில் விடுதலைப் போராட்டத் தலைவர் சேலம் விஜயராகவாச்சாரியார் நினைவாக எழுந்த கட்டடம்கூட, நூலகமும் விரிவுரை மண்டபமும் சேர்ந்த ஒன்றுதான். பேச்சுக்குரல் கேட்டாலே நூலகம் கெட்டுவிடும் என்று அந்தத் தலைமுறை நினைத்ததாகத் தெரியவில்லை. அமைதி வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எந்த நேரத்தில் யாருக்கு அமைதி என்று பேசி முடிவு செய்வது நம் கையில் இருக்கிறது.

முடிவு இதுதான்: காலை நேரம் முழுக்கப் படிப்பவர்களுக்கு. சனி மாலை பெண்களுக்கு, ஞாயிறு மாலை செஸ்ஸுக்கு. நாளிதழ் மேசை வராந்தாவுக்குப் போனது. பெரியவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், காற்று நன்றாக வருகிறது என்று தெரிந்ததும் அடங்கிவிட்டார்கள். (குறுக்கெழுத்துப் பக்கத்தை பிளேடு வைத்து வெட்டி எடுத்துப் போகும் அன்பர் இந்த அவையில் இருந்தால், தயவுசெய்து அடுத்தவர் படித்த பிறகாவது வெட்டவும்.) வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை என்பதால் அந்த நாளை யாருக்கும் ஒதுக்க முடியவில்லை.

வாசிக்கக் கேட்கும் வட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். தார் சுற்றும் பெண்கள், கொலுசுக்குச் சலங்கை வைக்கும் பெண்கள், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிகள் வருகிறார்கள். பலருக்குப் படிப்பு பாதியில் நின்றது, சிலருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. கல்லூரி மாணவி ஒருவர் சத்தம் போட்டு வாசிக்கிறார். ஆரம்பத்தில் நாமாகத் தேர்ந்தெடுத்த நீதிக்கதைகளைக் கேட்டுவிட்டு, “இதெல்லாம் எங்களுக்கே தெரியும் கண்ணு, வேற எதாச்சும் படி” என்று சொல்லிவிட்டார்கள். பிறகு சிறுகதைகளுக்குப் போனோம். நெசவாளர் குடும்பம் பற்றிய ஒரு கதை. அதில் நாடா (தறியில் நூலைக் குறுக்கே கொண்டுபோகும் கட்டை) ஓட ஓட பாவு அறுந்துகொண்டே நீளுகிறது என்பதுபோல் ஒரு வரி. வாசித்து முடிப்பதற்குள் ஒரு பாட்டி கையை உயர்த்தினார். “நிறுத்து கண்ணு. நாடாவுல போறது குறுக்கு நூலு, ஊடை. பாவு நூலு அசையாம நீளவாக்குல கெடக்கும். எழுதுனவரு தறிக்குழியில கால வெச்சதே இல்ல போலிருக்கு.” அன்று கதை மேற்கொண்டு நகரவில்லை. பாவு ஓட்டுவது, பசை போடுவது, கூலி எப்படிக் கணக்காகும் என்று அவர்கள் சொல்லச் சொல்ல, மாணவி நோட்டில் எழுதிக்கொண்டார். கூடத்தின் மூலையில் படித்துக்கொண்டிருந்த தேர்வர்கள் இரண்டு பேர் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டதை நூலகரும் பார்த்தார். அந்த நோட்டைத் தட்டச்சு செய்து, பைண்டு போட்டு, நம் நூலகத்தில் வைக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

மழையைச் சொல்லாமல் விட முடியாது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபின் டிசம்பர் தொடக்கத்தில் ஏற்காட்டிலும் சேலத்திலும் கொட்டித் தீர்த்ததில் திருமணிமுத்தாறு பெருக்கெடுத்தது. நம் கூரையும் ஒழுகியது. கீழ்த்தட்டுப் புத்தகங்கள் ஈரமாயின. வெயிலில் பரப்பலாம் என்று சிலர் கிளம்பினார்கள், நூலகர் தடுத்துவிட்டார். வெயிலில் வைத்தால் அட்டை முறுக்கிக்கொள்ளும், தாள் வெளுத்து நொறுங்கும். சில பக்கங்களுக்கு ஒரு தடவை பழைய நாளிதழ்த் தாளைச் செருகி, புத்தகத்தை விசிறி போல் விரித்து நிற்க வைத்து, மின்விசிறிக் காற்றில் காய வைத்தோம். தாள் ஈரமாக ஆக மாற்ற வேண்டும். செஸ் பிள்ளைகளும் தேர்வர்களும் ஒன்றாக உட்கார்ந்து தாள் மாற்றினார்கள். கூரைக்காக உரிய அலுவலகத்தில் கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு மட்டும் கைவசம் இருக்கிறது.

நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கும் நூலக நண்பர்கள் திட்டத்தில் நம் உறுப்பினர்கள் சிலர் சேர்ந்திருக்கிறார்கள். இன்னும் ஆள் தேவை. இருசக்கர வாகனம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தெருக்கள் பக்கம் பக்கமாகத்தான் இருக்கின்றன. 1000 ரூபாய் செலுத்தினால் புரவலர் ஆகலாம் என்பதையும் நினைவூட்டுகிறேன். பலகையில் பெயர் எழுத இடம் இருக்கிறது.

இன்று பொதுக்குழு முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சனிக்கிழமை கூலி வாங்கும் நாள், சந்தைக்கும் போக வேண்டும், அதனால் தங்கள் கூட்டத்தை ஞாயிறு மாலைக்கு மாற்றித் தரும்படி பெண்கள் கேட்டிருக்கிறார்கள். அது செஸ் நேரம். சனிக்கு மாறப் பிள்ளைகளுக்கு மனமில்லை. பலருக்கு அன்று டியூஷன். செயற்குழுவில் ஒருமித்த கருத்து வரவில்லை. பெண்களுக்கே ஞாயிறு போக வேண்டும் என்பது என் கருத்து, அதைத் தீர்மானத்தில் எழுதவில்லை. கணக்கு வாசித்து முடிந்ததும் இது வாக்கெடுப்புக்கு வரும். செஸ் பிள்ளைகளின் பெற்றோர் டீ குடித்துவிட்டுக் கிளம்பாமல், இருந்து கை தூக்கிவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளப் பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

செயலாளர்,
வாசகர் வட்டம், சேலம்