ஊர் ஒலிபெருக்கி உரிமையாளர்களுக்கும் உறுமி மேளக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஒலிபெருக்கி வாடகைத் தொழில் செய்யும் பெரியவர்களுக்கும், உறுமி மேளக் குழுக்களை நடத்தும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் தாமான்களிலும் கல்யாணம், காதணி விழா, கோயில் திருவிழா, பொதுக்கூட்டம் என எது நடந்தாலும் லாரியில் பெட்டிகளை ஏற்றி வந்து, வெயிலிலும் மழையிலும் நின்று, கடைசி ஆள் வீடு திரும்பும்வரை விழித்திருந்து நடத்திக் கொடுப்பவர்கள் நீங்கள்தாம். அந்தப் பெட்டிகளை முன்னிட்டே இந்த மடலை எழுதுகிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, ஒரு செட்டை மட்டும் எங்களுக்குத் தாருங்கள். உலகின் பல ஊர்களிலிருந்து புதிதாக வெளிவரும், மின்கருவிகளிலும் கணினியிலும் செய்யப்படும் டெக்னோ என்ற நடன இசையையும், அடித்தட்டு ஒலியை முதன்மையாகக் கொண்ட பேஸ் இசையையும் அதில் போட்டுக் கேட்கவும் ஆடவும் வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் அறைக்குள் உட்கார்ந்து செய்து வைத்திருக்கும், இன்னும் வெளியிடப்படாத இசையை அதில் சோதித்துப் பார்க்கவும் வேண்டும்.

இதை வானொலியிடமோ கோலாலம்பூர் கிளப்புகளிடமோ கேட்காமல் உங்களிடம் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. வானொலிக்கு மூன்று, நான்கு நிமிடப் பாட்டு வேண்டும். அதில் குரல் வேண்டும். நான் சொல்லும் இசை ஆறு, ஏழு நிமிடம் ஓடும். பல வெளியீடுகளில் பாடகரே இருக்க மாட்டார். தொடக்கத்திலும் முடிவிலும் வெறும் தாளம் மட்டுமே நீண்டுகொண்டு போகும், ஏனென்றால் டிஜே அந்த இடத்தில்தான் ஆட்டம் நிற்காமல் ஓர் இசைத்தட்டிலிருந்து அடுத்த இசைத்தட்டுக்கு மாறுவார். இந்த இசையின் உயிர் 40 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் அளவிலான அடித்தட்டு ஒலியில் இருக்கிறது. 40 ஹெர்ட்ஸில் ஓர் ஒலியலையின் நீளம் ஏறக்குறைய எட்டரை மீட்டர். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியால் அதை எழுப்பவே முடியாது. ஆகவே கைப்பேசியில் கேட்டுவிட்டு, இதில் டிக் டிக் என்ற சத்தத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லையே என்று சொல்லும் பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு அந்த இசையின் பாதி வந்து சேரவே இல்லை. மீதிப் பாதியைத் தரக்கூடிய 18 அங்குல சப்வூஃபர் பெட்டிகளை அடுக்கி வைத்திருப்பவர்கள் இந்த ஊரில் நீங்கள் மட்டும்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அதுவே பெரிது. பேஸ் இசையின் வரலாறு உங்களைப் போன்றவர்களிடமிருந்துதான் தொடங்குகிறது. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1950களில் இசைக்குழுவை அழைக்க வசதியில்லாத மக்கள், தெருவிலும் காலி மனையிலும் பெரிய பெட்டிகளை நிறுத்தித் தட்டுகளைப் போட்டு ஆடினார்கள். அந்தப் பெட்டிகளின் சொந்தக்காரர்கள் கடைக்காரர்கள். டாம் வோங் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். டியூக் ரீட் மதுக்கடை நடத்தினார். முதலில் அமெரிக்கத் தட்டுகளைத்தான் போட்டார்கள். அந்த வகைத் தட்டுகளின் வரத்து குறைந்தபோது உள்ளூர்ப் பாடகர்களை வைத்துத் தாங்களே ஒலிப்பதிவு செய்து, ஒரே ஒரு பிரதி வெட்டி, சனிக்கிழமை இரவு தங்கள் பெட்டியில் போட்டுப் பார்த்தார்கள். கூட்டம் துள்ளினால் அது தட்டாக வெளிவரும். இல்லையென்றால் அதோடு சரி. அப்படிப் பெட்டி வைத்திருந்தவர்களில் ஒருவரான காக்சன் டாட் 1963இல் ஸ்டுடியோ ஒன் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தைத் திறந்தார். ரேடியோவும் ஆம்பிளிபயரும் பழுதுபார்த்துக்கொண்டிருந்த கிங் டப்பி, பாட்டிலிருந்து குரலை எடுத்துவிட்டு டிரம்மையும் பேஸையும் மட்டும் முன்னால் கொண்டுவந்து டப் என்ற இசைவகைக்கு வழிவகுத்தார். சால்டரிங் இரும்பும் கையுமாக உட்கார்ந்திருந்த ஒரு மனிதர் உலக இசையின் போக்கையே மாற்றினார் என்பதை நம் ஊர் ரிப்பேர் கடைகளில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

ஜமைக்கா மக்கள் இங்கிலாந்துக்குக் குடியேறியபோது பெட்டிகள் கட்டும் வழக்கமும் கூடவே போனது. 1990களின் தொடக்கத்தில் ஜங்கிள், 2000களின் தொடக்கத்தில் தென்லண்டனின் குரோய்டன் வட்டாரத்தில் டப்ஸ்டெப் என அடுத்தடுத்து பிறந்த இசைவகைகள் எல்லாம் அந்தப் பெட்டிகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. மாலா, லோஃபா, கோக்கி ஆகிய டப்ஸ்டெப் இசைஞர்கள் 2005இல் பிரிக்ஸ்டனில் தொடங்கிய டிஎம்இசட் இரவுகளுக்கு, அந்த வாரம் முடித்த இசையை மென்பூச்சுத் தட்டில் வெட்டிக்கொண்டு வருவார்கள். சில டஜன் முறை ஓட்டினாலே தேய்ந்துவிடும் தட்டு அது. ஆனாலும் பெட்டியில் கேட்காமல் எதையும் வெளியிட அவர்கள் துணியவில்லை. டெக்னோவின் கதையிலும் சிற்றூர் வருகிறது. ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கறுப்பின இளைஞர்கள் நண்பர்களானது டெட்ராயிட் நகரில் அல்ல; அதற்கு வெளியே பெல்வில் என்ற சிறிய ஊரின் பள்ளியில். 1980களின் நடுவில் அவர்கள் செய்தது பின்னர் பெர்லின்வரை போனது.

இன்றைய வெளியீடுகளுக்கு வருகிறேன். லிஸ்பன் நகரின் புறநகர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வளர்ந்த ஆப்பிரிக்க வம்சாவளி இளைஞர்களின் இசையை 2011 முதல் பிரின்சிப்பே என்ற லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம், வெளியிட்டு வருகிறது. நகரத்துக் கிளப்புகள் நெடுங்காலம் திரும்பிப் பார்க்காத அந்த இசை, கையால் வண்ணம் தீட்டிய உறைகளில் இன்று உலகெங்கும் விற்கிறது. தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரத்துச் சிங்கேலி இசை நிமிடத்திற்கு 200 தாளத் தட்டுக்கும் மேல் ஓடுகிறது. உகாண்டாவின் நியேகே நியேகே லேபிள் 2017இல் அதைத் தொகுத்து வெளியிட்ட பிறகுதான் ஐரோப்பா அதைக் கவனித்தது. பிரிஸ்டலின் லிவிட்டி சவுண்ட், லண்டனின் ஹெஸ்ஸல் ஆடியோ, மியூனிக்கின் இலியன் டேப் போன்ற லேபிள்கள் டெக்னோவின் நேரான நடையையும் பேஸ் இசையின் உடைந்த நடையையும் சேர்த்துப் பின்னி, நான்கு உருப்படிகள் கொண்ட சிறு வெளியீடுகளாகத் தொடர்ந்து தருகின்றன. இந்தத் துறையில் தமிழர் கை படவில்லை என்றும் யாரும் சொல்ல முடியாது. ஈழத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பாடகி மாயா அருள்பிரகாசம் (எம்.ஐ.ஏ.), ரோலண்ட் எம்சி-505 என்ற ஒரே கருவியில் தொடங்கிய பாடல்களை 2005இல் தம் தந்தையின் இயக்கப் பெயரையே தலைப்பாகச் சூட்டி வெளியிட்டார்.

உங்களில் ஒருவருடைய சாமான் கொட்டகையில், சோதனைக்காக இரண்டு பெட்டிகளை மட்டும் இணைத்து, பிரிஸ்டலிலிருந்து வந்த ஒரு புதிய வெளியீட்டைப் போட்டுப் பார்த்தோம். அண்ணன் வழக்கம்போல் மிக்ஸரில் பேஸ் குமிழை வலப்பக்கம் திருப்பியே வைத்திருந்தார். முதல் ஒரு நிமிடம் வெறும் மரக்கட்டை தட்டுவது போன்ற தாளம். பிறகு அடியிலிருந்து பேஸ் எழுந்தது. தகரக் கூரை அதிர்ந்தது, மேசைமேல் கிடந்த ஸ்பேனர் நகர்ந்து விளிம்புக்கு வந்தது. அண்ணன் பெட்டியின் வலைமேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மிக்ஸருக்குப் போய் அந்தக் குமிழை நடுவுக்குக் கொண்டுவந்தார். "இதுல எல்லாம் ஏற்கெனவே இருக்குடா, நாம ஒண்ணும் சேர்க்க வேணாம்" என்றவர், இதை மிக்ஸ் செய்தது யார் என்று கேட்டார். இத்தனை ஆண்டுத் தொழிலில் பழகிய காது அது. அந்தக் காதுகள்தாம் எங்களுக்கு வேண்டும்.

உறுமி மேள அண்ணன்மார்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது, ஒலி ஒரே இடத்தில் நில்லாமல் கீழிருந்து மேலேறி மீண்டும் இறங்குகிறது. டப்ஸ்டெப் செய்பவர்கள் மணிக்கணக்காகக் கணினியில் தேடுவது அந்த இறக்கத்தைத்தான். நிமிடத்திற்கு 140 தாளத் தட்டு ஓடும் அந்த இசையில் மேல் தாளம் விரைவாகவும் கீழ்த் தாளம் அதில் பாதி வேகத்திலும் நடக்கும். முதல் காலமும் இரண்டாம் காலமும் ஒரே நேரத்தில் ஒலிப்பதைப் புரிந்துகொள்ள உங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. நான் கேட்பது டிஜே தட்டின்மேல் உறுமியை வாசிக்கும் கலப்பு நிகழ்ச்சி அல்ல. அப்படிப்பட்டவற்றில் பெரும்பாலும் இரண்டும் கெட்டுப்போவதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் வந்து கேளுங்கள். எந்த நடை நிற்கிறது, எது இழுக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். விருப்பம் இருந்தால் உறுமியைத் தனியாக நல்ல மைக்கில் பதிவு செய்து, அதை எடுத்தாளும் உரிமையை எழுத்தில் கொடுங்கள். உங்கள் குழுவின் பெயரும் பங்கும் வெளியீட்டில் இடம்பெற வேண்டும்.

அந்தப் பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள். பகலில் தொழிற்சாலையிலும் பட்டறையிலும் வேலை, இரவில் பழைய மடிக்கணினியில் இசை. ஹெட்போனிலும் கார் ஸ்பீக்கரிலும் கேட்டுத் திருப்தி அடைந்து இணையத்தில் ஏற்றிவிடுகிறார்கள். பெரிய பெட்டியில் போட்டால்தான் குறை தெரியும். கிக் டிரம்மும் பேஸும் ஒரே அலைவரிசையில் மோதிக் குழம்பும்; ஒன்று அடிக்கும்போது மற்றது ஒதுங்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைக்கும். பேஸை இடம், வலம் என அகலமாக விரித்து வைத்திருப்பார்கள். இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேரும்போது ஒன்றையொன்று அழித்து, பேஸே காணாமல் போகும். இதை யூடியூப் பார்த்து முழுமையாகக் கற்க முடியாது. உங்கள் பெட்டிக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றால் போதும்.

நடத்தும் முறையைப் பற்றிச் சில வார்த்தைகள். கல்யாண மண்டபத்தில் மேடையின் இரு பக்கமும் சப்வூஃபரைப் பிரித்து வைப்பது வழக்கம். இந்த மாலைக்கு அவற்றை நடுவில் ஒன்றாக அடுக்க வேண்டுகிறேன். பிரித்து வைத்தால் மண்டபத்தின் சில இடங்களில் பேஸ் இரட்டிப்பாகும், சில அடி தள்ளி நின்றால் மிகவும் குறைந்துவிடும். சத்தத்தை ஏற்றிக்கொண்டே போக வேண்டியதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட நெறிமுறை, இத்தகைய இடங்களில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது. அதைத் தாண்டாமல் மீட்டர் வைத்துப் பார்ப்போம். சத்தம் எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டரை யாரும் தொடக்கூடாது. வாசலில் காதடைப்பான் வைப்போம். இரவு 10.30க்குள் பெட்டி அணைந்துவிட வேண்டும், ஏனென்றால் பக்கத்துத் தாமானில் காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் தூங்க வேண்டும்.

டெக்னோ என்றதும் பெற்றோருக்குப் போதைப்பொருள் நினைவு வருகிறது. அந்த அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. இதே நாட்டில் பெரிய நடன விழாக்களில் உயிர்கள் போயிருக்கின்றன. அதனால்தான் இருட்டறையைக் கேட்காமல் சமூக மண்டபத்தைக் கேட்கிறோம்: கதவுகள் திறந்திருக்கும், மது கிடையாது, தண்ணீர் இலவசம், அம்மா அப்பா எவரும் எப்போதும் உள்ளே வரலாம். பெர்லினின் டெக்னோ பண்பாட்டை ஜெர்மனி 2024இல் தன் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது என்பதை மண்டபக் குழுவினரிடம் நீங்களும் எடுத்துச் சொன்னால் எங்களுக்குப் பெரிய துணையாக இருக்கும். உங்கள் சொல்லுக்கு அங்கே மதிப்பு உண்டு.

போடப்படும் இசை அனைத்தும் காசு கொடுத்து வாங்கியதாக இருக்கும். இந்த லேபிள்கள் பெரும்பாலும் சில நூறு தட்டுகளே அச்சிடுகின்றன. கோப்பாக வாங்குவோர் கொடுக்கும் பணத்தில்தான் அடுத்த வெளியீடு நடக்கிறது. பேண்ட்கேம்ப் தளம் கோப்பு விற்பனையில் பொதுவாக 15 விழுக்காடு எடுத்துக்கொண்டு, பணப் பரிமாற்றக் கட்டணம் போக மீதியை இசைஞருக்கு அனுப்புகிறது. 2020 மார்ச் முதல், அறிவித்த சில வெள்ளிக்கிழமைகளில் தன் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது. நாங்கள் அந்த நாள்களில் வாங்குகிறோம். உங்களிடமும் ஒரு வேண்டுகோள்: யூடியூபிலிருந்து இறக்கிய கோப்புகளை உங்கள் நல்ல பெட்டிகளில் போடாதீர்கள். பிழிந்து சுருக்கிய கோப்பின் குறையைப் பெரிய பெட்டி மறைக்காது, பெரிதாக்கியே காட்டும்.

மார்கழியில் கல்யாணங்கள் இல்லை; பெட்டிகள் பெரும்பாலும் கொட்டகையில்தான் இருக்கும். முதல் மாலையை அந்த மாதத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் எண்ணம். மண்டப வாடகையும் உங்கள் செட்டுக்கு உரிய வாடகையும் எங்கள் பொறுப்பு, அதில் தள்ளுபடி கேட்க மாட்டோம். பெட்டிகளை ஏற்றவும் இறக்கவும் ஆள்களை நாங்களே அழைத்து வருகிறோம். எந்தச் சனிக்கிழமை உங்களுக்கு வசதிப்படும் என்பதையும், எத்தனை பெட்டிகள் தர முடியும் என்பதையும் கலந்து பேசிச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பெட்டிகளின் முன் ஆடி வளர்ந்த
சுங்கை சிப்புட்வாசி