சேகரிப்பாளர்களுக்கு உயில் எழுதித் தரும் வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வழக்கறிஞர்களே,

ஓவியங்களும் கையெழுத்துப் பிரதிகளும் சேர்த்து வைத்திருப்பவர்கள் உயில் எழுத உங்களிடம் வருகிறார்கள். ‘என் அசையும் சொத்துகள் அனைத்தும்’ என்று ஒரே வரியில் முடிப்பதற்கு முன், உங்கள் தொழிலைச் செய்த ஜான் குவினை நினைத்துப் பாருங்கள்.

1870இல் ஓஹாயோவில் பிறந்து, நியூயார்க்கில் வழக்கறிஞராகவும் கலைச் சேகரிப்பாளராகவும் இருந்தவர் அவர். கலைக்குக் காசையும் கொடுத்தார், சட்ட அறிவையும் கொடுத்தார். 1909ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம் 20 ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்படைப்புகளுக்கு வரிவிலக்கு அளித்தது. புதியவற்றுக்கு 15 சதவீதம் வரி. உயிரோடிருக்கும் ஓவியர்களுக்குத்தான் அடி. 1913இல் அந்த வரி நீங்கியதில் குவினின் வாதத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அதே ஆண்டு நியூயார்க்கில் ஆர்மரி என்ற நவீன கலைக் கண்காட்சியை நடத்திய சங்கத்துக்கும் அவரே சட்டத்துணை.

இவ்வளவு தெரிந்தவர் 1924இல் இறந்தபோது, சேகரிப்பை விற்றுப் பணமாக்கச் சொன்னது அவருடைய உயில். ஜார்ஜ் சேராவின் ‘சர்க்கஸ்’ ஓவியம் மட்டும் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குப் போனது. மற்றவை 1926இல் பாரிஸிலும் 1927இல் நியூயார்க்கிலும் ஏலத்திலும், தனி விற்பனைகளிலும் சிதறின. அதே நகரில் நவீன கலை அருங்காட்சியகம் திறந்தது 1929இல்!

தாள்களின் கதி இன்னும் வருத்தம். கவிஞர் டி. எஸ். எலியட் 1922இல் குவினுக்கு அனுப்பிய ‘தி வேஸ்ட் லேண்ட்’ கவிதையின் கையெழுத்துப் பிரதி குடும்பத்தாரிடம் பெட்டிகளுக்குள் கிடந்தது. நியூயார்க் பொது நூலகம் 1958இல் அதை வாங்கியது. 1968இல்தான் வெளியே சொன்னது. எலியட் 1965இலேயே இறந்துவிட்டார்.

இதற்கு நேர்மாறானது லில்லி பிளிஸ் என்ற சேகரிப்பாளர் 1931இல் விட்டுச்சென்ற உயில். படங்கள் நவீன கலை அருங்காட்சியகத்துக்கு. ஆனால் மூன்றாண்டுக்குள் அது போதிய மூலதனம் திரட்டிக் காட்ட வேண்டும். சிலவற்றைத் தவிர மற்றவற்றை விற்று வேறு படைப்புகள் வாங்கவும் அனுமதி உண்டு. அப்படி ஓவியர் தெகாவின் படம் ஒன்றை விற்றுத்தான் 1939இல் பிக்காசோவின் ‘அவிஞோன் பெண்கள்’ ஓவியம் அங்கே வந்தது. உயில் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

ஆகவே முதலில் பட்டியல்: படைப்பு, அளவு, ஆண்டு, ஒளிப்படம், வாங்கிய ரசீது, இப்போது இருக்கும் இடம். இரவல் போனவற்றை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அவற்றைத் தனியே கேட்டு எழுதுங்கள். கடிதங்களுக்கும் கையெழுத்துப் பிரதிகளுக்கும் தனிப் பத்தி வேண்டும். ‘வீட்டுச் சாமான்கள்’ என்பதில் அடங்கினால் அவை பரணுக்கோ பழைய காகிதக் கடைக்கோ போகும். தாளின் உடைமை வேறு, பதிப்புரிமை வேறு என்பதையும் உயிலில் பிரித்துச் சொல்லுங்கள்.

பெறப்போகும் நிறுவனத்திடம் சேகரிப்பாளர் உயிரோடிருக்கும்போதே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மறுத்துவிட்டால் அடுத்து யாருக்கு என்பதும், எத்தனை மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பதும் உயிலில் இருக்கட்டும். பொதி கட்டவும், காப்பீட்டுக்கும், பராமரிப்புக்கும் பணம் ஒதுக்காத கொடையை ஏற்க நல்ல நிறுவனமும் தயங்கும். ‘எக்காலத்தும் விற்கக் கூடாது, எப்போதும் காட்சியில் இருக்க வேண்டும்’ என்ற நிபந்தனைகளை உங்கள் கட்சிக்காரர் கேட்டால், அவரிடம் பிளிஸின் உயிலைச் சொல்லி மறுபடி யோசிக்க வையுங்கள்.